நிழலிலிருந்து தொடங்கும் கூடு

களனி கங்கை கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னே, ஆற்றின் வடகரையில், கொழும்பு மாநகரின் எல்லையை ஒட்டி அமைந்திருக்கும் பேலியகொடையில் மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. பகலில் 30 முதல் 32 பாகை வரை ஏறும் வெப்பம் இரவில் 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. காற்றின் சாரீரப்பதன், அதாவது குறித்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய உச்ச நீராவியில் எத்தனை வீதம் உண்மையில் அதில் உள்ளது என்ற அளவு, பெரும்பாலான நாட்களில் 75 வீதத்தைத் தாண்டுகிறது. லண்டனிலோ டொரொன்டோவிலோ வீட்டில் பாம்பு வளர்க்கும் ஒருவர் குளிர்காலத்தில் மின்குமிழையும் வெப்பப் பாயையும் இயக்கித் தம் கண்ணாடிக் கூட்டுக்குள் உண்டாக்க முயல்வது ஏறத்தாழ இதே காலநிலையைத்தான்.

பாம்புக்கூட்டின் வெப்பம், ஒளி பற்றிய கையேடுகளிற் பெரும்பாலானவை அத்தகைய குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவையாதலால், அவை கூட்டை எப்படிச் சூடாக்குவது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன. கொழும்பின் தாழ்நிலத்தில் அந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். இங்கே கூட்டுக்குள் முதலில் உறுதி செய்யப்பட வேண்டியது வெப்பத்திலிருந்து விலகி ஒதுங்க ஓர் இடம்; அதன் பின்னரே வெப்பம் தரும் இடமும், அதற்கும் பின்னரே ஒளியும் வர வேண்டும். இந்த வரிசைக்கான காரணங்கள் பாம்பின் உடலியலிலும், வெப்பம் பரவும் பௌதிகத்திலும், மின்கருவிகளின் இயல்பிலும் இருக்கின்றன.

இலங்கையில் இந்தக் கேள்வி எல்லா வீடுகளுக்கும் உரியதல்ல. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், வெங்கணாந்தி என்றும் அழைக்கப்படும் மலைப்பாம்பு உட்பட நாட்டின் பாம்புகளிற் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கின்றன; அவற்றைப் பிடித்து வளர்ப்பது குற்றமாகும். எனவே இங்கு பாம்புக்கூடு என்பது முதன்மையாக 1936 இல் அரசு பொறுப்பேற்ற தெஹிவளை விலங்கியல் பூங்கா போன்ற நிறுவனங்களையும், நஞ்சு ஆராய்ச்சிக் கூடங்களையும், காயமுற்ற பாம்பைச் சில நாட்கள் வைத்துப் பேணும் மீட்பு நிலையங்களையும் சார்ந்த விடயமாகும். புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நாடுகளில், மேற்கு ஆபிரிக்காவின் பந்து மலைப்பாம்பையும் அமெரிக்காவின் சோளப் பாம்பையும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு வீட்டில் வளர்ப்பது பரவலான பழக்கமாக உள்ளது.

வெளியிலிருந்து பெறும் வெப்பம்

பாம்பு ஒரு புறவெப்ப விலங்கு. அதாவது பறவைகளும் பாலூட்டிகளும் உணவை எரித்துத் தம் உடல் வெப்பத்தை உள்ளிருந்தே உண்டாக்குவதுபோலன்றி, அது தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சூழலிலிருந்து பெறுகிறது. இத்தகைய விலங்குகளைக் குளிர்க்குருதி விலங்குகள் என்று சொல்லும் பழைய வழக்கு தவறான எண்ணத்தைத் தந்துவிடுகிறது. ரேமண்ட் கௌல்ஸும் சார்ள்ஸ் போகர்ட்டும் 1944 இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பாலைநிலத்துப் பல்லிகளும் பாம்புகளும் வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே இடம் மாறுவதன் மூலமே தம் உடல் வெப்பநிலையைக் குறுகிய வரம்புக்குள் நிறுத்திக்கொள்வதைக் காட்டியது. அவற்றின் குருதி வெயிலில் மனிதக் குருதியளவுக்கே சூடாக இருக்கக்கூடும். அவற்றின் வெப்பநிலைச் சீராக்கம் தசையிலும் கொழுப்பிலும் நடைபெறாமல் நடத்தையில் நடைபெறுகிறது என்பதே வேறுபாடு.

நடத்தை வழியான இந்தச் சீராக்கத்துக்கு இடமில்லாமற் போனால் உடலின் பல வேலைகள் தடைப்படும். உடலின் இரசாயனத் தாக்கங்கள் வெப்பநிலை 10 பாகை உயரும்போது பொதுவாக இரண்டு முதல் மூன்று மடங்கு விரைவடைகின்றன. ஆகவே குளிர்ந்த பாம்பின் இரைப்பையில் இரை செரிப்பதற்கு முன்பே அழுகத் தொடங்கலாம், பாம்பு அதைக் கக்கிவிடலாம். ஸ்டீபன் செகோரும் ஜாரெட் டயமண்டும் 1990களில் பர்மிய மலைப்பாம்புகளில் நடத்திய ஆய்வுகள், பெரிய இரையொன்றை விழுங்கிய பின் அவற்றின் அனுசேப வீதம், அதாவது உடல் ஆற்றலைச் செலவிடும் வேகம், ஓய்வு நிலையைப்போல ஏறத்தாழ 40 மடங்கு வரை உயர்வதையும், சிறுகுடலின் நிறை இரு மடங்காவதையும் காட்டின. இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் நாட்களில் பாம்பு வெப்பமான இடத்தை நாடுவதும், இரையற்ற நாட்களில் குளிர்ந்த இடத்தில் ஆற்றலைச் சேமிப்பதும் இயல்பானவை. நோயிலும் இவ்வாறே நிகழ்கிறது. 1974 இல் பாலைநில உடும்போணான்களுக்குக் கிருமிகளைச் செலுத்தி ஆராய்ந்தபோது, அவை வெப்பமான பக்கத்தைத் தேடிச் சென்று தமக்குத் தாமே காய்ச்சலை உண்டாக்கிக்கொண்டன. வெப்பநிலை எங்கும் ஒரே அளவாக இருக்கும் கூட்டில் இந்த மருத்துவத்துக்கு வழியில்லை.

மலைப்பாம்பு இந்தப் பொது விதிக்கு ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. சில மலைப்பாம்பினங்களில் அடைகாக்கும் பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளைச் சீரான இடைவெளியில் இழுத்து விட்டு, சுற்றுப்புறத்தைவிடப் பல பாகை கூடுதலான வெப்பத்தைத் தானே உண்டாக்குகிறது. 1841 இல் பாரிஸ் விலங்குக் காட்சியகத்தில் வலென்சியன் அளந்து கண்ட இந்த நிகழ்வை, 1966 இல் நியூயோர்க் விலங்கியல் பூங்காவில் வைத்திருந்த பாம்பொன்றில் ஹட்ச்சிசனும் அவருடைய துணைவரும் ஒட்சிசன் நுகர்வையும் அளந்து உறுதிப்படுத்தினர். ஆயினும் இது அடைகாக்கும் காலத்துக்கு மட்டுமே உரியது. மற்றைய நாட்களில் மலைப்பாம்பும் சாரையைப்போலவே வெளிவெப்பத்தை நம்பியிருக்கிறது.

இரண்டு முன்மாதிரிகள்

கூட்டுக்குள் வெப்பநிலைப் படித்திறனை, அதாவது ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் படிப்படியாக மாறும் வெப்பத்தை, உண்டாக்க வேண்டும் என்ற கருத்துக்குக் கட்டட வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் ஜோன் பியூசாம்ப் புரொக்டர். லண்டன் விலங்கியல் பூங்காவில் ஊர்வனப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த அவர் திட்டமிட்டு, 1927 இல் திறக்கப்பட்ட ஊர்வன மனையில், கட்டடம் முழுவதையும் ஒரே அளவில் சூடாக்கும் பழைய முறை கைவிடப்பட்டது. ஒவ்வொரு கூட்டிலும் மின்சாரத்தால் தனியே சூடாக்கப்படும் இடங்கள் அமைந்தன. பார்வையாளர் நிற்கும் கூடம் மங்கலாக இருக்க, விலங்குகளின் மீது மட்டும் மேலிருந்து ஒளி விழுந்தது. சாதாரணக் கண்ணாடி மறித்துவிடும் புற ஊதாக் கதிரை உள்ளே விடுவதற்கென வைட்டா கண்ணாடி என்ற தனிவகைக் கண்ணாடியும் பயன்பட்டது. புரொக்டர் 1931 இல் தம் 34 ஆவது வயதில் இறந்தபோது, இன்றைய பாம்புக்கூட்டின் அடிப்படைகள் பெரும்பாலும் அந்த மனையில் இடம்பெற்றுவிட்டிருந்தன.

வெப்பமண்டலத்துக்குரிய முன்மாதிரி இதற்கு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரத்துக்குப் போகும் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், 1978 இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நச்சுமுறி மருந்துக்கான நஞ்சை எடுப்பதற்காக நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைச் சில வாரங்கள் வைத்திருந்து பின்னர் காட்டில் விட்டுவிடுகிறது. அங்கே பாம்புகளின் இருப்பிடம் மணல் இட்டு வாயைத் துணியால் கட்டிய மண்பானை; மின்குமிழோ வெப்பப் பாயோ அதற்குத் தேவைப்படவில்லை. சுடுமண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் ஈரம் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் உடன் கொண்டுபோவதால், நிழலில் வைத்த பானையின் உட்புறம் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். குறுகிய காலத்துக்கு ஏற்ற இந்த ஏற்பாடு நீண்டகால வளர்ப்புக்குப் போதாது. ஏனெனில் பானைக்குள் பாம்புக்கு இடம் மாறும் வாய்ப்பு இல்லை. எனினும் வெப்பமண்டலக் கரையோரத்தில் நிழலும் ஈர மண்ணும் கருவிகளுக்கு முந்தியவை என்பதை அது காட்டுகிறது. இங்குள்ள கூடு புரொக்டரின் படித்திறனையும் பானையின் குளிர்ச்சியையும் இணைத்ததாக அமைய வேண்டும்.

வெப்பம் வரும் வழிகள்

கூட்டுக்குள் வெப்பம் மூன்று வழிகளில் பரவுகிறது. சூடான பரப்பின்மீது படுத்திருக்கும் பாம்பின் வயிற்றுக்கு வெப்பம் நேரே செல்வது கடத்தல். சூடான காற்று மேலெழுந்து குளிர்ந்த காற்று கீழிறங்கும் ஓட்டத்தால் வெப்பம் பரவுவது மேற்காவுகை. இடையிலுள்ள காற்றைச் சாராமல் கதிராக வந்து உடலிற் படுவது கதிர்ப்பு. வெயில் மூன்றாவது வகையைச் சேர்ந்தது. வெயில் பட்டுச் சூடேறிய கல்லிலிருந்து பெறுவது முதலாவது வகை.

சூடான பொருளொன்று வெளிவிடும் கதிரின் முதன்மை அலைநீளம் அதன் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதை வில்ஹெல்ம் வீன் 1893 இல் விதியாக வகுத்தார். அந்த விதியின்படி, ஏறத்தாழ 2,500 பாகைக்குச் சூடேறும் ஹாலஜன் மின்குமிழின் இழை 1 மைக்ரோமீற்றரை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரையும், 250 பாகைக்குச் சூடேறும் பீங்கான் வெப்பவீசி 5.5 மைக்ரோமீற்றரை ஒட்டிய கதிரையும் முதன்மையாக வெளிவிடுகின்றன. முதலாவது வகைக் கதிர் வெயிலின் வெப்பக் கதிரைப்போலத் தோலுக்குள் சில மில்லிமீற்றர் ஆழம் வரை ஊடுருவுகிறது. இரண்டாவது வகையைத் தோலின் மேற்படையிலுள்ள நீரே உறிஞ்சிவிடுகிறது. ஆகவே பகலில் வெயிலுக்கு ஈடாக ஹாலஜன் மின்குமிழும், ஒளி வேண்டாத குளிர்ந்த இரவுகளுக்குப் பீங்கான் வெப்பவீசியும் பொருந்துகின்றன. கூட்டின் அடியில் விரிக்கும் வெப்பப் பாய் கடத்தல் வழியே வயிற்றை மட்டும் சூடாக்குவது. கட்டுப்பாடின்றி விடப்பட்டால் அது தீக்காயத்தை உண்டாக்கும். வளர்ப்புப் பாம்புகளின் வயிற்றுப்புறத் தீக்காயம் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி காணும் காயங்களில் ஒன்று. முதுகில் வெப்பம் ஏற வேண்டிய விலங்குக்கு அடியிலிருந்து மட்டும் வெப்பம் வரும்போது, உடலின் உட்பகுதி சூடேறுவதற்கு முன்பே தோல் வெந்துவிடக்கூடும்.

மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் அகச்சிவப்புக் கதிரை உணரும் உறுப்புகள் ஆதலால், அதற்கு வெப்பக் கருவி மற்றொரு வகையிலும் பொருட்டாகிறது. அந்தக் குழிகளின் நரம்பு முனைகளில் வெப்பத்தை உணரும் புரதத்தை டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 2010 இல் அடையாளம் கண்டது. வெப்ப உணர்வு பற்றிய ஆய்வுகளுக்காக அவர் 2021 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனிதக் கண்ணுக்கு இருட்டாகத் தோன்றும் வெப்பவீசி மலைப்பாம்பின் குழிகளுக்கு ஓயாமல் எரியும் விளக்காகவே இருக்கும். எனவே அந்தக் கதிர் எட்டாத மறைவிடங்களும் கூட்டின் இரு முனைகளிலும் இருக்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, பந்து மலைப்பாம்புக்கு வெயில்காயும் இடம் 31 முதல் 33 பாகையும் குளிர்ந்த முனை 24 முதல் 26 பாகையும், சோளப் பாம்புக்கு முறையே 28 முதல் 30 பாகையும் 22 முதல் 24 பாகையும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. பேலியகொடையில் ஒரு சாதாரண அறையின் பகல் வெப்பநிலை இந்தப் பட்டியலின் சூடான முனையை ஏற்கனவே எட்டிவிடுகிறது. தட்டு அடிக்காத அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே, சூரியன் கொழும்புக்கு நேர் மேலே வரும் ஏப்ரல் முற்பகுதியில், அது இன்னும் மேலே போகும். பல பாம்புகளுக்கு 40 பாகையை ஒட்டிய உடல் வெப்பநிலை உயிராபத்தானது. யன்னலோரத்தில் வெயில் படும்படி வைத்த கண்ணாடித் தொட்டி உள்ளே வந்த வெப்பத்தைக் காற்றோட்டத்தால் வெளியேற்ற முடியாமல் அந்த எல்லையை விரைவில் எட்டிவிடும் என்பதால், தொட்டியை அங்கே வைப்பதைப்போலப் பெரிய தவறு வேறில்லை. ஆகவே இங்கே கடினமான பணி குளிர்ந்த முனையை உண்டாக்குவதுதான். அறையின் தாழ்வான, கிழக்கு மேற்கு வெயில் படாத மூலை, காற்று வந்துபோகும் வலைமூடி, ஈர மணல் நிரப்பிய சுடுமண் மறைவிடம், உடல் முழுவதும் அமிழும் அளவுள்ள நீர்த்தொட்டி ஆகியவை அதற்கு உதவுகின்றன. இலங்கைக்குள்ளேயே இதற்கு விலக்கும் உண்டு: கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியிருப்பதால், அங்கே தாழ்நிலப் பாம்பொன்றை வைத்திருப்பவர் லண்டன்காரரின் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

மின்சாரத்தின் ஒழுங்கு

எந்த வெப்பக் கருவியையும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இயக்கக் கூடாது. தெர்மோஸ்டாட் என்பது கூட்டுக்குள் வைத்த உணரியின் அளவைப் பார்த்து மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் நிறுத்தியும் வெப்பநிலையைக் குறித்த எல்லைக்குள் வைக்கும் கருவி. முழுதாகப் போட்டு முழுதாக நிறுத்தும் எளிய வகை பாய்க்கும் பீங்கான் வெப்பவீசிக்கும் போதுமானது. ஒளி தரும் மின்குமிழுக்கு மின்வலுவைச் சிறிது சிறிதாக மாற்றும் வகை வேண்டும், இல்லையேல் விளக்கு ஓயாமல் அணைந்து எரிந்து விலங்கை அலைக்கழிக்கும். உணரி இடம் பெயர்ந்தாலோ நீரில் விழுந்தாலோ கருவி பொய்யான அளவை நம்பி வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போகும். உள்ளிருக்கும் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டாலும் அதே விளைவுதான். ஆகவே கருவி முற்றிலும் பழுதடைந்து முழு வலுவில் எரிந்தாலும் குளிர்ந்த முனை உயிராபத்தான அளவை எட்டாதவாறு, மின்குமிழின் வாட் அளவை முன்கூட்டியே சிறிதாகத் தெரிவுசெய்வது பாதுகாப்பின் அடிப்படை. குளிர்நாட்டுக் கையேடு சொல்லும் 100 வாட் மின்குமிழுக்குக் கொழும்பில் பெரும்பாலும் தேவையில்லை.

மின்குமிழும் வெப்பவீசியும் கூட்டுக்குள் இருந்தால், பாம்பு சுற்றிக்கொள்ள முடியாதபடி கம்பிக்கூண்டு இட வேண்டும். வெப்பவீசியைத் தாங்கும் பிடி பிளாஸ்டிக்காக இல்லாமல் பீங்கானாக இருக்க வேண்டும். இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஆதலால், 120 வோல்டுக்குச் செய்யப்பட்ட வட அமெரிக்கக் கருவிகளை நேரடியாகப் பொருத்துவது தீ விபத்துக்கு வழி. நீர்த்தொட்டியும் மின்கம்பியும் அருகருகே இருக்கும் இடத்தில், மின்கசிவைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச்சும் முறையான புவித்தொடுப்பும் இன்றியமையாதவை. கூட்டிலிருந்து வரும் கம்பி செருகிக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும். அப்போதுதான் கம்பி வழியே வழியும் நீர் செருகியை அடையாமல் தாழ்ந்த புள்ளியில் சொட்டிவிடும். கடற்காற்றின் உப்பும் எப்போதும் உள்ள ஈரமும் தொடுமுனைகளைத் துருப்பிடிக்கச் செய்வதால், கொழும்பில் இவற்றை அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மின்வெட்டு இங்கே ஏற்படுத்தும் விளைவும் வேறு வகையானது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அத்தகைய நாளில் குளிர்நாட்டுக் கூடு உறைந்துபோகும் அபாயம் இருக்க, கொழும்புக் கூட்டில் வெப்பம் குறைவதால் தீங்கு ஏதும் இராது. மாறாக, அறையின் மின்விசிறி நின்று காற்றோட்டம் அற்றுப்போவதே இங்கு கவலைக்குரியது. குளிர்ந்த முனையை மின்சாரத்தை நம்பாத வழிகளால் அமைப்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

ஒளியும் இருளும்

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு முக்கால் மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. ஆகவே இந்நாட்டுப் பாம்புக்கு ஆண்டு முழுவதும் 12 மணி நேர ஒளியும் 12 மணி நேர இருளும் இயல்பானவை. சோளப் பாம்புபோன்ற மிதவெப்ப மண்டல இனங்களுக்கே பருவத்துக்கேற்பப் பகலின் நீளத்தை மாற்றும் தேவை எழுகிறது. இருள் முழுமையாக இருக்க வேண்டும். இரவில் சிவப்பு விளக்கை எரியவிட்டால் பாம்புக்குத் தெரியாது என்ற நம்பிக்கை தவறானது. பந்து மலைப்பாம்பின் விழித்திரையில் 551 நனோமீற்றரை ஒட்டிய ஒளியை உணரும் கூம்புக் கலங்களும், 360 நனோமீற்றரை ஒட்டிய புற ஊதாவை உணரும் கூம்புக் கலங்களும் இருப்பது அறியப்பட்டுள்ளது. முதல் வகைக் கலங்களின் உணர்திறன் சிவப்பின் பக்கமும் நீள்வதால், பிரகாசமான சிவப்பு விளக்கு அதன் இரவைக் குலைக்கும்.

புற ஊதா பற்றிய கேள்வி இன்னும் விரிவானது. புற ஊதா பி எனப்படும், 280 முதல் 315 நனோமீற்றர் வரையான கதிர் தோலில் உள்ள கொலஸ்திரோல் வகையொன்றின்மீது பட்டு விற்றமின் டி3 உருவாக வழி செய்கிறது. கல்சியத்தை உடல் ஏற்பதற்கு அந்த விற்றமின் வேண்டும். இரையை ஈரலோடும் எலும்போடும் முழுதாக விழுங்கும் பாம்பு இரண்டையும் உணவிலேயே பெறுவதால், பல்லிகளைப்போல இக்கதிர் இல்லாமல் நோயுறுவதில்லை. சோளப் பாம்புகளைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்த 2008 ஆம் ஆண்டின் ஆய்வொன்று அவற்றின் குருதியில் விற்றமின் டி அளவு உயர்ந்ததைக் கண்டது. பந்து மலைப்பாம்புகளில் 2013 இல் வெளியான ஆய்வோ அத்தகைய மாற்றத்தைக் காணவில்லை. பகலில் நடமாடும் இனத்துக்கும் இரவில் நடமாடும் இனத்துக்கும் தேவை வேறுபடுகிறது என்று கொள்வதே பொருத்தம். கேரி ஃபெர்கசனும் துணைவரும் 2010 இல் வகுத்த முறை ஊர்வனவற்றை அவை இயற்கையில் பெறும் புற ஊதாச் சுட்டெண்ணைக் கொண்டு நான்கு வலயங்களாகப் பிரிக்கிறது. நிழலில் வாழும் முதல் வலய இனங்களுக்கு அந்தச் சுட்டெண்ணின் சராசரி 0.7 ஐத் தாண்டுவதில்லை. கொழும்பின் தெளிந்த நண்பகலில் அதே சுட்டெண் 11 ஐத் தாண்டிச் செல்லும். வெயிலில் நேரே வைத்துவிட்டால் புற ஊதா கிடைத்துவிடும் என்று எண்ணுவோர், வெப்பத்தால் வரும் ஆபத்தோடு இந்த மிகைக் கதிரின் ஆபத்தையும் சேர்த்தே வரவழைக்கின்றனர். கண்ணாடிக்குப் பின்னால் வைப்போரோ புற ஊதா பியைப் பெறாமல் வெப்பத்தை மட்டும் பெறுகின்றனர். மெல்லிய புற ஊதா விளக்கைக் கூட்டின் சூடான முனையில், வெயில்காயும் இடத்தின் மேலே பொருத்தி, மறு முனையை முழு நிழலாக விடுவதே நடுவழி.

அளந்து பார்த்தல்

இவ்வாறு அமைத்த கூட்டில் பாம்பை விடுவதற்கு முன், இரு முனைகளிலும் ஒவ்வொரு வெப்பமானியை வைத்து முழு இரவு பகலுக்கு அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பரப்பின் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் தனியே அளக்க வேண்டும், ஏனெனில் காற்று 30 பாகையில் இருக்கும்போதே விளக்கின் நேர் கீழுள்ள கல் 50 பாகையைத் தாண்டியிருக்கலாம். கொழும்பில் இந்தச் சோதனையை ஏப்ரலில் ஒருமுறையும், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து சனவரி இரவொன்றில் மற்றொருமுறையும் செய்தால் ஆண்டின் இரு எல்லைகளும் தெரிந்துவிடும்.

அதன் பின்னர் கூட்டின் தரத்தைச் சொல்வது பாம்பின் நடமாட்டமே. இரை உண்ட பின் சூடான முனைக்கும், சட்டை உரிக்கும் நாட்களில் ஈர மறைவிடத்துக்கும், மற்றைய வேளைகளில் இடைப்பட்ட இடங்களுக்கும் பாம்பு மாறி மாறிச் சென்றால் படித்திறன் சரியாக அமைந்திருக்கிறது. எந்நேரமும் நீர்த்தொட்டியிலேயே கிடக்கும் பாம்பு கூடு முழுவதும் சூடாக இருப்பதையும், விளக்கின் அடியை விட்டு அசையாத பாம்பு கூடு முழுவதும் குளிர்ந்திருப்பதையும் பெரும்பாலும் தெரிவிக்கின்றன. பேலியகொடையின் காலநிலையில் இவற்றுள் முதலாவது அறிகுறியே மிகுதியாகத் தோன்றக்கூடியது. அது தோன்றும்போது செய்ய வேண்டிய முதல் வேலை விளக்கை அணைப்பது.